ஆறு பிரித்த ஊர், கோடு பிரித்த ஊர்: எமது கோறளைப்பற்றின் கதையிலிருந்து கொஞ்சம்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற தவணையில் ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்குக் குடியுரிமைக் கல்விப் பாடத்தில் ஒரு சின்ன வேலை கொடுத்தோம். "உங்கள் வீடு எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகிறது, எந்தப் பிரதேச சபைக்குள் வருகிறது என்று வீட்டில் கேட்டு எழுதி வாருங்கள்" என்றோம். மறுநாள் பாதிப் பிள்ளைகள் "இரண்டும் ஒன்றுதானே சேர்" என்றார்கள். சிலர் கிராம சேவையாளர் பிரிவின் இலக்கத்தை எழுதி வந்திருந்தார்கள். ஒரு பிள்ளை வாப்பாவிடம் கேட்டு, வாப்பா உம்மம்மாவிடம் கேட்டு, கடைசியில் "கோறளைப்பற்று" என்று ஒரே ஒரு சொல்லை எழுதி வந்திருந்தாள். வகுப்பே சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய உம்மம்மா சொன்னதுதான் இருப்பதற்குள் பழைய விடை, ஒரு காலத்தில் அது முழுமையான விடையும்கூட.

ஓட்டமாவடி, மீராவோடை, மாவடிச்சேனை, செம்மண்ணோடை, பிறைந்துறைச்சேனை, காவத்தமுனை என்று நாம் ஊர் ஊராகப் பிரிந்து பேசுகிறோம். தேர்தல் வந்தால் வட்டாரம் வட்டாரமாகப் பிரிகிறோம். இந்தக் கோடுகள் எப்போது, யாரால், எதற்காகக் கீறப்பட்டன என்று கேட்டால் எம்மில் பலரிடம் பதில் இல்லை. அதைத்தான் இங்கே முடிந்தளவு சொல்ல முயல்கிறோம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கோடு கீறியவர்களுக்கு முன்னாலேயே ஆறு கீறிவிட்டது.

கொழும்பிலிருந்து பொலன்னறுவை, வெலிக்கந்தை, புணானை கடந்து வருபவர் நாவலடிச் சந்திக்கு வருவார். இடப்பக்கம் திரும்பினால் வாகரை, வெருகல் ஊடாகத் திருகோணமலை. நேரே வந்தால் எமது ஊர், அதோடு ஒட்டியபடி வாழைச்சேனை, பிறகு கிரான், ஏறாவூர், மட்டக்களப்பு. எங்கே ஓட்டமாவடி முடிந்து எங்கே வாழைச்சேனை தொடங்குகிறது என்பது வெளியூரவருக்குப் பிடிபடவே பிடிபடாது. எமக்கு மட்டும் அது ஒரு கடைவாசலும் ஒரு ஒழுங்கையுமாகத் துல்லியமாகத் தெரியும்!

மேற்கே மலைப்பக்கத்தில் ஊற்றெடுத்து வரும் மாதுறு ஓயாதான் எமது பக்கத்தில் அகன்று வாவியாகி, கல்குடாப் பக்கத்தில் கடலோடு சேர்கிறது. ஒரே தண்ணீரை ஆறு என்பவரும் உண்டு, வாவி என்பவரும் உண்டு. மாரி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று மழை கொட்டினால் அது ஆறு. மழை ஓய்ந்து கோடை காய்ந்தால் வாவி. இந்தத் தண்ணீரைச் சுற்றித்தான் எமது குடியிருப்புகள் எல்லாம். கடல் பக்கம் மீன்பிடி, உட்பக்கம் வயல், அதற்கும் உள்ளே சேனையும் மாடும் காடும். மூன்று தொழிலும் ஒரு மணித்தியாலச் சைக்கிள் ஓட்டத்துக்குள் இருக்கும் ஊர் எத்தனை உண்டு?

ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே நிலம் தெரியும். சேனை என்று முடிபவை காடு வெட்டிப் பயிர் செய்த மேட்டுநிலங்கள். ஓடை என்று முடிபவை மழைநீர் ஓடி வந்த தாழ்வுகள். முனை என்றால் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். பொலன்னறுவை வீதியில் போனால் ஜெயந்தியாய, ரிதிதென்ன என்று பெயர்கள் சிங்களத்துக்கு மாறும். "யாய" என்றால் வயல்வெளி, "தென்ன" என்றால் மேட்டுச் சமதரை. மொழி மாறினாலும் பெயர் வைத்தவர் பார்த்தது நிலத்தைத்தான். ஓட்டமாவடியில் உள்ள "மாவடி" மாமரத்தடி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. "ஓட்டம்" எங்கிருந்து வந்தது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை இருக்கிறது. அதை எழுதப் போனால் இந்தப் பதிவு சண்டையில் முடியும், விடுவோம்.

பாலத்தைப் பற்றிச் சொல்லாமல் ஊரைச் சொல்ல முடியாது. வெள்ளையர் காலத்து இரும்புப் பாலம் ஒன்றில்தான் புகையிரதமும் போகும், பஸ்ஸும் போகும், மாட்டு வண்டிலும் போகும். றெயில் வரும் நேரம் இரண்டு பக்கமும் வாகனங்கள் நிற்க வேண்டும். ஸ்பெயின் நாட்டு உதவியோடு வீதிக்கென்று தனிப்பாலம் 2010இல்தான் திறக்கப்பட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கதை விடுகிறோம் என்று நினைக்கிறார்கள்.

1956இல் வாழைச்சேனையில் காகித ஆலை வந்தது. எமது வயல்களின் வைக்கோல் அங்கே காகிதமானது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சங்கு ஊதலுக்கு எழும்பி வேலைக்குப் போன காலம் அது. காகித நகர் என்ற பெயர் அந்த நினைவாக நிற்கிறது. 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. ஆலையின் நல்ல காலத்தையும் சூறாவளி இரவையும் கண்ணால் கண்டவர்கள் இன்னும் எம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டிய தனிக்கதை அது.

இனி ஆட்சிக்கு வருவோம்.

"பற்று" என்பது மட்டக்களப்புப் பகுதியின் பழைய நிர்வாகப் பிரிவு. ஏறாவூர்ப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று போல எமது பக்கம் கோறளைப்பற்று. கண்டி இராச்சியத்தில் "கோறளை" என்று ஒரு பிரிவுப் பெயர் இருந்தது, அதோடு சேர்த்து இதைப் பார்ப்பவர்களும் உண்டு. வெருகல் பக்கத்திலிருந்து ஏறாவூர்ப்பற்று எல்லை வரை கடலும் காடுமாகக் கிடந்த இந்தப் பெரும் பரப்புக்கு ஆங்கிலேயர் காலத்தில் ஒரே தலைவர், வன்னியனார். அவருக்குக் கீழே உடையார், அதற்குக் கீழே ஊர் விதானையார். வயல்வெளிக்கு வட்டை விதானை தனி. இவர்களில் ஒருவரைக்கூட மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யவில்லை. கச்சேரி நியமித்தது, போடிமார் தலையாட்டினார்கள்.

ஆனாலும் மக்கள் கூடித் தீர்மானிக்கும் வழக்கம் ஒரு இடத்தில் உயிரோடு இருந்தது. அது வயல். வாய்க்கால் எப்போது வெட்டுவது, வேலி எப்போது அடைப்பது, மாடுகளை எந்த நாளில் காட்டுப் பக்கம் கொண்டுபோவது என்பதைப் பயிர் செய்பவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் இந்தப் பழைய வழக்கத்துக்குத்தான் சட்ட உருவம் கொடுத்தது. இன்றும் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் ஆரம்பக் கூட்டம் நடக்கிறதே, அதன் வேர் அங்கே இருக்கிறது. எமது மண்ணில் உள்ளூராட்சியின் முதல் பாடசாலை வாய்க்கால் கரைதான் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்வதுண்டு.

1871இல் கிராமச் சமுதாயச் சட்டம் வந்தது. கிராமக் குழுக்கள் பாதை, கிணறு, வேலி, மேய்ச்சல் போன்றவற்றுக்கு விதிகள் செய்யலாம், சிறு வழக்குகளைக் கிராம நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றது. ஆனால் குழுவுக்குத் தலைவர் யார்? அதே பிரதேசத் தலைவர்தான். குழு மக்களுடையது, கதிரை அரசாங்கத்துடையது. இந்தக் கதிரை மக்கள் தெரிவு செய்த ஆளிடம் வர 1938ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வரை, அதாவது அறுபத்தேழு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1940களில் வன்னியனார் பதவியும் போய், பிரிவுக் காரியாதிகாரி வந்தார். 1963இல் விதானையார் முறையை ஒழித்துக் கிராம சேவகர் வந்தார். எமது மூத்தவர்கள் இன்றும் கிராம உத்தியோகத்தரை "விதானையார்" என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் "ஓம் வாப்பா" என்கிறார். அது வேறு விஷயம்.

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னுமாக நாடெங்கும் நான்கு அடுக்காக உள்ளூராட்சி நின்றது: மாநகர சபை, நகர சபை, பட்டின சபை, கிராம சபை. எமது போன்ற ஊர்களுக்குக் கிராம சபைதான். அதன் வேலையைக் கேட்டால் சின்னதாகத் தெரியும். கிறவல் வீதி போடுவது, பொதுக்கிணறு வெட்டுவது, சந்தையைக் குத்தகைக்கு விடுவது, மாட்டிறைச்சிக் கடைக்கு அனுமதி கொடுப்பது, வண்டிலுக்கும் சைக்கிளுக்கும் வரி எடுப்பது, மையவாடியையும் சுடலையையும் பார்ப்பது. ஆனால் அந்தச் சபையில் உறுப்பினராக இருந்தவர் வீடு எல்லோருக்கும் தெரியும். கிணற்றுக் கட்டு உடைந்தால் சுபஹுத் தொழுகை முடிந்து வரும்போதே அவரைப் பிடித்துக் கேட்கலாம். ஊர் சின்னதாக இருந்ததில் உள்ள பெரிய வசதி அது.

அதைத்தான் 1981இல் பறிகொடுத்தோம். 1980ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைகள் சட்டப்படி நாட்டில் இருந்த 549 கிராம சபைகளும் 83 பட்டின சபைகளும் 1981 ஜூலை 1ஆம் திகதி இல்லாமல் போயின. அவற்றின் இடத்தில் மாவட்டத்துக்கு ஒரு அபிவிருத்திச் சபை. அந்தச் சபைகளுக்கு 1981 ஜூனில் தேர்தல் வைத்தபோது யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது, நூலகம் எப்படி எரிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தேர்தலின் மற்றப் பக்கம் பேசப்படுவதில்லை. ஊர் மட்டத்தில் தெரிவு செய்யப்பட்ட ஆள் என்று ஒருவர் இல்லாமல் போனார். கிராம சபைக் கட்டிடம் "உப அலுவலகம்" ஆனது. எமது கிணற்றுக்கான முடிவு மட்டக்களப்பு நகரத்துக்குப் போனது.

1987இல் மாகாண சபைகளோடு சேர்ந்து 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் வந்தது. 1988 ஜனவரியிலிருந்து பிரதேச சபைகள் இயங்கத் தொடங்கின. ஆனால் தெற்கில் 1991இல் பிரதேச சபைத் தேர்தல் நடந்தபோது கிழக்கில் நடக்கவில்லை. யுத்தம். எமது மாகாணத்துக்குத் தேர்தல் வந்தது 1994 மார்ச்சில். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 13 வருடம். அந்த 13 வருடத்துக்குள்தான் 1985ம் வருகிறது, 1990ம் வருகிறது. தமிழரும் முஸ்லிம்களும் மாறி மாறி இடம்பெயர்ந்த, காணியை விட்டு ஓடிவந்த, உயிர்களைப் பறிகொடுத்த வருடங்கள். உள்ளே வயலும் மாடும் வைத்திருந்த குடும்பங்கள் வீதியோரத்துக்கு வந்து நெருக்கிக்கொண்டன. காணி எங்கோ, ஆட்கள் வேறெங்கோ என்ற நிலை உருவானது. யாரும் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யாத அலுவலகங்களே ஊரைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் எமது நிலத்தின் வரைபடம் தலைகீழாக மாறியது.

இப்போது அந்தப் பிள்ளையின் விடைத்தாளுக்குத் திரும்புவோம். "இரண்டும் ஒன்றுதானே" என்று வகுப்பில் கேட்டார்களே, அந்தக் கேள்வியில் பிழை குறைவு.

1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்ணம் அதுதான். ஒரு உதவி அரசாங்க அதிபர் பிரிவுக்கு ஒரு பிரதேச சபை. இரண்டின் எல்லையும் ஒன்று. 1992இல் உதவி அரசாங்க அதிபர் பிரதேச செயலாளர் ஆனார். அவர் அரசாங்கத்தின் கை, சபை மக்களின் கை, இரண்டு கையும் ஒரே நிலத்தில் வேலை செய்ய வேண்டும் என்ற கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆனால் பிறகு செயலகப் பிரிவுகள் பிரிந்துகொண்டே போயின, சபைகள் அந்த வேகத்தில் பிரியவில்லை.

இன்று மட்டக்களப்பு மாவட்டத்தில் பிரதேச செயலகப் பிரிவுகள் 14. உள்ளூராட்சி மன்றங்கள் 12: ஒரு மாநகர சபை, காத்தான்குடி, ஏறாவூர் என இரண்டு நகர சபைகள், ஒன்பது பிரதேச சபைகள். இடைவெளி எங்கே இருக்கிறது? எமது பக்கத்தில். பழைய கோறளைப்பற்று இன்று ஐந்து செயலகப் பிரிவு. வடக்கு என்றால் வாகரை, கோறளைப்பற்று என்றால் வாழைச்சேனை, மேற்கு என்றால் ஓட்டமாவடி, தெற்கு என்றால் கிரான், அத்தோடு வாழைச்சேனை முஸ்லிம் பகுதிகளை மையமாகக் கொண்ட மத்தி. பிரதேச சபைகளோ மூன்று மட்டும்: வாகரை, வாழைச்சேனை, ஓட்டமாவடி. மத்திக்கும் தெற்குக்கும் செயலகம் உண்டு, சொந்தச் சபை இல்லை.

மத்தியும் தெற்கும் பனம்பலன ஆணைக்குழுவின் சிபாரிசுகளின் பின்னணியில் உருவானவை. பெயர்ப்பலகை வந்தது, அலுவலகம் வந்தது. எந்தக் கிராம சேவையாளர் பிரிவு எதற்குள், எந்த வயல்காணி யாருடைய பதிவேட்டில் என்பது மட்டும் இன்றுவரை பிணக்காகவே இருக்கிறது. ஒவ்வொரு ஆட்சியிலும் குழு வருகிறது, கூட்டம் நடக்கிறது, புகைப்படம் வெளியாகிறது.

எல்லை என்றால் வெறும் கௌரவப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு ஒரு விளக்கம். காணி ஒன்று கைமாறும்போது கட்டப்படும் முத்திரை வரி, அந்தக் காணி அமைந்துள்ள உள்ளூராட்சி மன்றத்துக்குப் போய்ச் சேர வேண்டிய பணம். நீதிமன்றத் தண்டப்பணமும் அப்படித்தான். ஆதனவரி, சந்தைக் குத்தகை, வியாபார அனுமதி எல்லாம் எல்லைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆட்கள் நெருக்கமாகவும் நிலம் குறைவாகவும் உள்ள சபைக்குக் குப்பை கூட, வருமானம் குறைவு. குப்பையைக் கொட்டவும் இடம் இல்லை. நிலம் பரந்து ஆட்கள் சிதறிய பிரிவுக்கு வீதி நீளம் கூட, வரி கொடுப்பவர் குறைவு. கோட்டை ஒரு விரல் தள்ளிக் கீறினால் ஒரு ஊரின் பத்து வருட வரவு செலவு மாறும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லைப் பிரச்சினை என்றதும் எமது ஆட்கள் அதை முஸ்லிம்களின் பிரச்சினை என்று பேசுகிறார்கள், மற்றப் பக்கம் அதைத் தமிழர் நிலத்துக்கு ஆபத்து என்று பேசுகிறார்கள். கிரானைப் பாருங்கள். முழுக்கத் தமிழ்க் கிராமங்கள். சபை இல்லாத குறை அவர்களுக்கும் அதேதான். ஒவ்வொரு மாரியிலும் புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கி, ஆற்றுக்கு அப்பால் உள்ள மக்கள் படகில் போய் வருவதைச் செய்தியில் பார்க்கிறோம். அவர்களுக்கு ஒரு சபை கிடைப்பதில் எமக்கு என்ன நட்டம்? மத்திக்கு ஒன்று கிடைப்பதில் அவர்களுக்கு என்ன நட்டம்? இரண்டு கோரிக்கையையும் ஒரே கடிதத்தில் எழுதி இரண்டு சமூகமும் கையெழுத்து வைத்த நாளைக் காண ஆசைப்படுகிறோம். வயல் ஆரம்பக் கூட்டத்தில் ஒரே வாங்கில் இருந்து தண்ணீர் பங்கு பேசுபவர்களுக்கு இது முடியாத காரியமா?

பிரதேச சபை என்றால் பல்பும் வாய்க்காலும்தானே என்று ஏளனமாகப் பேசுவது எமக்குப் பழக்கம். சட்டத்தில் அதன் பொறுப்பு மூன்று விடயங்களாகச் சொல்லப்பட்டிருக்கிறது: பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள். அதோடு மையவாடிகள் பற்றிய சட்டம் ஒன்று 1899ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றத்தின் கைக்குத்தான் வருகிறது. இறந்தவரை அடக்குவதும் உள்ளூராட்சியின் வேலை என்பதை நாம் யாரும் பெரிதாக நினைத்ததில்லை. 2021 மார்ச் 5 வரை.

2020 மார்ச் இறுதியில் கொவிட் தொற்றால் மரணிப்பவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்ற முடிவு வந்தது. ஏப்ரல் 11இல் வர்த்தமானியும் வந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் அடக்கவும் செய்யலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதும், நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்ற காரணம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. ஒரு வருடம் கிட்ட எத்தனை குடும்பங்கள் எப்படித் துடித்தன என்பதை நாம் இங்கே எழுதப் போவதில்லை. 2021 பெப்ரவரி 25இல் அடக்க அனுமதி வந்தது. எங்கே? முதலில் இரணைதீவு என்றார்கள். நீண்ட இடப்பெயர்வுக்குப் பிறகு சொந்தத் தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த அந்த மீனவ மக்கள் கேட்காமலே அவர்கள் தலையில் இதைச் சுமத்தியது அநியாயம். அவர்கள் எதிர்த்தார்கள், அதில் நியாயம் இருந்தது.

பிறகுதான் எமது சூடுபத்தினசேனை, மஜ்மா நகர். கடற்கரைப் பக்கத்தைப் போல இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர் வரும் நிலம் அல்ல அது. உள்ளே தள்ளிய மேட்டுக்காணி, குடியிருப்புக் குறைவு, இரவில் யானைதான் அதிகம். ஒரு வருடமாக எந்தப் புவியியலைக் காட்டி அனுமதி மறுக்கப்பட்டதோ, அந்தப் புவியியலுக்கு எமது சேனைமண் பதில் சொன்னது. 2021 மார்ச் 5இல் முதல் ஜனாஸாக்கள் அங்கே நல்லடக்கம் செய்யப்பட்டன.

கொழும்பிலிருந்து, கண்டியிலிருந்து, புத்தளத்திலிருந்து, தீவின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வாகனங்கள் வந்தன. இராணுவம் கொண்டுவந்தது, சுகாதாரப் பிரிவினர் மேற்பார்த்தார்கள். காணியை ஒழுங்கு செய்தது, பெக்கோ கொண்டு குழி தோண்டியது, இலக்கம் போட்டது, பதிவு வைத்தது எல்லாவற்றிலும் ஒரு சின்ன ஊரின் பிரதேச சபையும் அதன் ஊழியர்களும் ஊர் வாலிபர்களும் நின்றார்கள். இலங்கையில் மிகவும் பின்தங்கியவை என்று சொல்லப்படும் சபைகளோடு வைத்து எண்ணப்படும் சபை அது. டெல்டா அலை வந்த ஆகஸ்ட், செப்டெம்பரில் ஒரு நாளைக்கு வந்த எண்ணிக்கையை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. நோன்பு பிடித்துக்கொண்டு அந்த வெயிலில் பாதுகாப்பு உடைக்குள் நின்றவர்களை நாம் அறிவோம். அவர்களில் எவரும் முகநூலில் தம்மைப் பற்றி எழுதவில்லை.

2022 மார்ச்சில் அந்தந்த ஊரிலேயே அடக்கலாம் என்று வரும்வரை ஒரு வருட காலத்தில் 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் முஸ்லிம்கள். ஆனால் இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அங்கே உறங்குகிறார்கள், நூற்றுக்கணக்கில். எரிக்க விரும்பாத எந்தக் குடும்பத்துக்கும் இடம் மறுக்கப்படவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை அந்தக் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு ஒரு பக்கம். அந்த மையவாடிக்காகத் தம் பயிர்க்காணியை விட்டுக்கொடுத்த மஜ்மா நகர்க் குடும்பங்களின் மாற்றுக்காணிக் கோரிக்கை இன்னொரு பக்கம். யுத்தத்தில் இடம்பெயர்ந்து மீண்டும் வந்து குடியேறிய ஏழைகள் அவர்கள். நாட்டுக்கே மையவாடி கொடுத்தவர்கள் காணிக்காக அலைவதை நாம் அடிக்கடி பேச வேண்டும். பேசுவது குறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததும் எமக்குப் பழைய கதையை நினைவூட்டியது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. நடக்க வேண்டிய தேர்தல் நிதி இல்லை என்று தள்ளிப்போடப்பட்டது. 2025 மே 6 வரை, இரண்டு வருடத்துக்கும் மேல், தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் இல்லை. செயலாளர்கள் நடத்தினார்கள். அலுவலகம் திறந்துதான் இருந்தது, சம்பளம் போனது, குப்பை வண்டியும் வந்தது. எனவே பலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. அதுதான் எமக்குப் பயமாக இருந்தது. 1981க்குப் பிறகும் மக்களுக்கு இப்படித்தான் பழகிப்போயிருக்கும்.

எம்மீதும் ஒரு குற்றம் இருக்கிறது. பிரதேச சபைகள் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற அதிபர், பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவர், மீன்பிடிச் சங்கத்தில் அனுபவமுள்ளவர், தையல் வகுப்பு நடத்தும் சகோதரி என்று யாரையும். சபை அமர்வைப் போய்ப் பார்க்கவும் தடையில்லை. எம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? வகுப்பில் இதைப் படிப்பிக்கும் நாமே போனது இரண்டு முறைதான். அதில் ஒரு முறை எமது ஒழுங்கை விளக்குக்காக!

இந்தத் தவணை பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கிறோம். பழைய கிராம சபைக் காலத்தின் தடயங்களைச் சேர்ப்பது. சைக்கிள் வரித் துண்டு, வண்டில் தகடு, சந்தைக் குத்தகைப் பத்திரம், "கோறளைப்பற்று" என்று மட்டும் எழுதப்பட்ட பழைய காணி உறுதி, கிராம சபை உறுப்பினர்கள் கூடி நின்று எடுத்த படம், எதுவானாலும் சரி. பெட்டியின் அடியில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். மூலப்பிரதி எமக்கு வேண்டாம், தெளிவாகப் படம் எடுத்து உட்பெட்டியில் அனுப்பினால் போதும். கிரான், வாகரை, வாழைச்சேனைப் பக்கத்துச் சகோதரர்களிடமும் இதைக் கேட்கிறோம், உங்கள் வீட்டு உறுதியிலும் அதே பெயர்தான் இருக்கும்.

அந்தப் பிள்ளையின் உம்மம்மா தன் வாப்பாவின் சைக்கிள் வரித் துண்டு ஒன்று வைத்திருக்கிறாராம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார். முதல் படம் அதுவாகத்தான் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.